மானிட்டர் தானாக அணைகிறதா? முதலில் அந்தக் குட்டி விளக்கைப் பாருங்கள்

மானிட்டர் அணைந்து அணைந்து போகிறது என்று யார் வந்து சொன்னாலும் நான் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: அணைந்த நேரத்தில் பவர் பட்டன் பக்கத்தில் இருக்கும் விளக்கு என்ன செய்தது? பெரும்பாலும் பதில் வராது. திரை கருத்ததும் கை தானாகப் பட்டனுக்குப் போய்விடுகிறது. அமுக்கி எழுப்பிவிட்டு வேலையைத் தொடர்ந்துவிடுகிறோம். ஆனால் கோளாறு எந்தப் பக்கம் இருக்கிறது என்பது அந்த இரண்டு மூன்று நொடியில்தான் தெரியும்.

நல்ல மானிட்டரை ஓரங்கட்டிவிட்டுப் புதிது வாங்கி, அதுவும் அதே மாதிரி அணைவதைப் பார்த்துத் திகைத்து நிற்பவர்கள் உண்டு. கேபிளிலோ கணினியிலோ இருக்கும் குறைக்கு மானிட்டர் மேல் பழி விழுகிறது. அதனால் அடுத்த முறை அணையும்போது எதையும் தொடாதீர்கள். விளக்கை மட்டும் பாருங்கள். நான்கில் ஒன்று நடக்கும்.

விளக்கும் திரையோடு சேர்ந்து அணைந்தால், மானிட்டருக்கு மின்சாரம் வரவில்லை, அல்லது உள்ளே இருக்கும் பவர் பகுதி கைவிடுகிறது. நீலமாகவோ வெள்ளையாகவோ இருந்த விளக்கு ஆரஞ்சுக்கு மாறினால், அல்லது மெல்ல விட்டுவிட்டு மின்னினால், மானிட்டருக்கு ஒன்றும் ஆகவில்லை. கணினியிடமிருந்து சிக்னல் நின்றதால் தூங்கப் போயிருக்கிறது. ஓரிரு நொடி மட்டும் கருத்துவிட்டுத் தானே திரும்பினால், சிக்னல் வழியில் அறுந்து அறுந்து சேர்கிறது. விளக்கு நிறம் மாறாமல் எரிய, திரை மட்டும் இருண்டு கிடந்தால், சந்தேகம் திரைக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் தரும் பேக்லைட் மேல்.

சில மானிட்டர்களில் இந்த விளக்கை மெனுவிலேயே அணைத்து வைக்க முடியும். உங்களுடையது எப்போதுமே எரிவதில்லை என்றால் முதலில் அதை ஆன் செய்துவிட்டு வாருங்கள். எந்த நிறம் எதைக் குறிக்கிறது என்பது மாடலுக்கு மாடல் மாறும். நன்றாக ஓடும்போது என்ன நிறம் என்று ஒருமுறை பார்த்து வைத்துக்கொண்டால் போதும்.

இன்னொரு சோதனையையும் தொடக்கத்திலேயே செய்துவிடுங்கள். வேறு ஒரு லேப்டாப்பை, வேறு ஒரு கேபிளில், இதே மானிட்டரில் மாட்டி ஓட விடுங்கள். வழக்கமாக அரை மணி நேரத்தில் அணைகிறது என்றால் ஒரு மணி நேரமாவது ஓட விடுங்கள். அணையவில்லை என்றால் மானிட்டரை விட்டுவிட்டுக் கணினியையும் பழைய கேபிளையும் பார்க்கலாம். அப்போதும் அணைந்தால் கோளாறு மானிட்டரிலோ, அதற்கு மின்சாரம் வரும் வழியிலோதான்.

விளக்கும் சேர்ந்து அணைகிறது

மானிட்டரின் பின்பக்கம், அடியிலிருந்து மேல்நோக்கிச் செருகும் பவர் வயர்தான் முதல் சந்தேகம். வயரின் எடையே அதைக் கீழே இழுத்துக்கொண்டிருக்கும். மானிட்டரைக் கொஞ்சம் சாய்த்தாலோ உயரத்தை மாற்றினாலோ பிளக் நூலிழை அளவு இறங்கிவிடும். வெளியே பார்க்க மாட்டியிருப்பது போலவே இருக்கும். கழற்றி, நன்றாக உள்ளே போகும்வரை அழுத்தி மாட்டுங்கள். மேஜைக் கணினிக்கும் பெரும்பாலும் அதே வகை வயர்தான் என்பதால் இரண்டையும் மாற்றிப் போட்டுப் பார்க்கலாம்.

அடுத்தது எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், யுபிஎஸ். இரண்டையும் தாண்டி நேராகச் சுவரில் இருக்கும் சாக்கெட்டில் மாட்டி ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். இன்றைய மானிட்டர்கள் பொதுவாக 100 முதல் 240 வோல்ட் வரை எதை வேண்டுமானாலும் ஏற்றுக்கொள்ளும்படி செய்யப்பட்டவை. வோல்டேஜ் கொஞ்சம் ஏறி இறங்குவதற்கெல்லாம் அணையாது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸின் உள்ளே தளர்ந்துபோன தகடு அப்படியில்லை. யாராவது மேஜையில் இடித்தால்கூடத் தொடர்பு விட்டுப் போகும்.

வெளியே அடாப்டர் வைத்த மானிட்டர் என்றால் அடாப்டரைத்தான் நான் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் சந்தேகப்படுவேன். இதற்கு எளிய சோதனை ஒன்று இருக்கிறது. மானிட்டரின் வெளிச்சத்தை 20 அளவுக்குக் குறைத்துவிடுங்கள். முன்பு பத்து நிமிடத்தில் அணைந்தது இப்போது மணிக்கணக்கில் ஓடினால், தேவையான மின்சாரத்தைத் தர முடியாமல் அடாப்டர் தளர்ந்திருக்கிறது என்று கொள்ளலாம். மானிட்டர் உறிஞ்சும் மின்சாரத்தில் பெரும்பங்கு பேக்லைட்டுக்குத்தான் போகிறது. வெளிச்சத்தைக் குறைத்தால் சுமை குறையும், அடாப்டர் சமாளித்துக்கொள்ளும். உள்ளேயே பவர் போர்டு இருக்கும் மானிட்டருக்கும் இந்தச் சோதனை பொருந்தும்.

மாற்று அடாப்டர் வாங்கும்போது லேபிளைப் படித்து வாங்குங்கள். வோல்ட் அதே எண்ணாக இருக்க வேண்டும்: 12 என்றால் 12, 19 என்றால் 19. ஆம்பியர் பழையதற்குச் சமமாகவோ அதிகமாகவோ இருக்கலாம், குறையக் கூடாது. முனையின் உள்பக்கம் பிளஸ்ஸா மைனஸ்ஸா என்று காட்டும் சிறு படமும் ஒத்துப்போக வேண்டும். முனை உள்ளே போகிறது என்பதற்காக ஏதோ ஒன்றை மாட்டிப் பார்ப்பது நல்ல மானிட்டரையும் கொன்றுவிடும்.

யூஎஸ்பி-சி வயர் ஒன்றிலேயே ஓடும் கையடக்க மானிட்டர்களுக்கும் இதே கதை. முழு வெளிச்சம் வைத்ததும் அணைந்தால் லேப்டாப்பின் போர்ட் தரும் மின்சாரம் போதவில்லை. இன்னொரு யூஎஸ்பி-சி சாக்கெட் இருந்தால் அதில் தனி சார்ஜரை மாட்டுங்கள்.

இங்கே இரண்டு விஷயங்கள் பலருக்குத் தோன்றுவதே இல்லை. ஒன்று, மானிட்டரின் சொந்த மெனுவில் இருக்கும் டைமர். ஆஃப் டைமர், ஸ்லீப் டைமர், ஆட்டோ பவர் ஆஃப் என்று பல பெயர்களில் இருக்கும். கடிகாரம் வைத்தது போல ஒரே இடைவெளியில் அணைகிறது என்றால் முதலில் அங்கே போய்ப் பாருங்கள். இன்னொன்று, பவர் பட்டனே. ஈரம், தூசி, தேய்மானம் இவற்றால் உள்ளே ஒட்டிக்கொண்ட பட்டன், யாரும் தொடாமலே அமுக்கியது போல நடந்துகொள்ளும். நாம் ஆஃப் செய்யும்போது வரும் லோகோவோ செய்தியோ காட்டிவிட்டு அணைகிறதா? அணையாத நேரத்திலும் மெனு தானாக எட்டிப் பார்க்கிறதா, இன்புட் தானாக மாறுகிறதா? அப்படியென்றால் பட்டன்தான். பட்டன்களைப் பூட்டும் வசதி மெனுவில் இருந்தால் பூட்டிவிட்டு, சுவரில் இருக்கும் சுவிட்சாலேயே ஆன் ஆஃப் செய்துகொண்டு பல காலம் ஓட்டலாம்.

விளக்கு ஆரஞ்சுக்கு மாறுகிறது

இப்போது கேள்வி மானிட்டரைப் பற்றியதல்ல. கணினி ஏன் படம் அனுப்புவதை நிறுத்தியது என்பதுதான். கீபோர்டில் கேப்ஸ் லாக்கை அமுக்குங்கள். அதன் விளக்கு மாறி மாறி எரிந்து அணைந்தால் கணினி விழித்திருக்கிறது, படம் மட்டும் வரவில்லை. விளக்கு அசையவே இல்லை என்றால் கணினி தூங்குகிறது, அல்லது உறைந்து நிற்கிறது.

நீங்கள் எதையும் தொடாமல் இருந்த நேரத்தில் மட்டும் அணைகிறது என்றால் அது பழுதே அல்ல. கணினி சைகை தந்தால் மானிட்டர் தூங்க வேண்டும் என்ற ஏற்பாட்டை, திரைகளுக்கான தரநிலைகளை வகுக்கும் வீசா (VESA) அமைப்பு 1993இல் வகுத்தது. இன்றைய கணினிகள் பொதுவாக அதைச் செய்கின்றன. விண்டோஸ் 11இல் செட்டிங்ஸ், சிஸ்டம், பவர் என்று போனால் திரை அணைவதற்கும் கணினி தூங்குவதற்கும் தனித்தனி நேரம் வைக்கலாம். மேக்கில் சிஸ்டம் செட்டிங்ஸில் லாக் ஸ்கிரீன் பகுதியிலும், உபுண்டு போன்றவற்றில் பவர் பகுதியிலும் இதே நேரம் இருக்கும். இவற்றை மாற்றிய பிறகும் ஒரு குழப்பம் வரும். 30 நிமிடம் என்று வைத்தும் ஒரே நிமிடத்தில் கருக்கிறதே என்பார்கள். திரையைப் பூட்டிவிட்டுப் போனால் விண்டோஸ் வேறு கணக்கு வைத்திருக்கிறது. பூட்டிய திரை இயல்பாகவே 1 நிமிடத்தில் அணைந்துவிடும்.

வேலை செய்துகொண்டிருக்கும்போதே, அதிலும் கேம் ஆடும்போதோ வீடியோ எடிட் செய்யும்போதோ அணைவதுதான் கவலைப்பட வேண்டியது. காதைக் கொடுங்கள். சத்தம் தொடர்ந்து வந்து, படமும் சில நொடியில் திரும்பினால் கிராபிக்ஸ் டிரைவர், அதாவது கார்டை இயக்கும் மென்பொருள், விழுந்து எழுகிறது. கிராபிக்ஸ் கார்டு 2 நொடிக்குப் பதில் தரவில்லை என்றால் விண்டோஸ் டிரைவரை மீண்டும் தொடங்கும். விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவென்ட் வியூவரில் 4101 என்ற எண்ணோடு பதிவு கிடந்தால் சந்தேகமே இல்லை. பழைய டிரைவரை முழுதாக நீக்கிவிட்டுப் புதிதாகப் போடுங்கள். கோளாறு புது டிரைவர் போட்ட பிறகுதான் தொடங்கியது என்றால் முந்தைய பதிப்புக்குத் திரும்புங்கள். கார்டை ஓவர்கிளாக் செய்து இயல்பை மீறிய வேகத்தில் ஓட்டிக்கொண்டிருந்தால் அதை எடுத்துவிடுங்கள். இந்த நிலையில் படம் தானாகத் திரும்பவில்லை என்றால் விண்டோஸ், கண்ட்ரோல், ஷிஃப்ட் மூன்றையும் பிடித்துக்கொண்டு B எழுத்தை அமுக்குங்கள். டிரைவர் மட்டும் மறுபடி தொடங்கும், திறந்திருக்கும் வேலை போகாது.

படம் போன கையோடு சத்தமும் நின்று, கார்டின் ஃபேன் முழு வேகத்தில் இரைந்தால் விஷயம் வன்பொருள் சார்ந்தது. கணினியை அணைத்து, வயரைக் கழற்றி, பெட்டியைத் திறந்து கார்டுக்குப் போகும் பவர் பிளக்குகளைப் பாருங்கள். கிளிப் உட்காரும் சத்தம் கேட்கும்வரை அழுத்துங்கள். ஃபேனையும் ஹீட்சிங்கையும் மூடியிருக்கும் தூசியை எடுங்கள். இவ்வளவும் செய்த பிறகும் சுமை ஏறியவுடன் விழுந்தால் மிச்சமிருப்பது கணினியின் பவர் சப்ளை, அல்லது கார்டே. கையில் இருக்கும் இன்னொரு கணினியில் கார்டை மாட்டிப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும்.

ஒரே மானிட்டரில் இரண்டு கருவிகளை மாட்டி வைத்திருப்பவர்களுக்கு: இன்புட்டைத் தானாகத் தேடும் வசதியை அணைத்துவிட்டு, நீங்கள் பயன்படுத்தும் போர்ட்டை நிலையாக வையுங்கள். தூங்கி எழும்போது ஒருவரை ஒருவர் தேடித் தவறவிடும் தொல்லை இதோடு பெரும்பாலும் தீரும்.

ஓரிரு நொடி கருத்துத் திரும்புகிறது

தெளிவுத்திறன் மாறும்போதோ, எச்டிஆர் ஆன் ஆகும்போதோ, முழுத்திரைக்குப் போகும்போதோ ஒருமுறை கருத்தால் அது இயல்பு. காரணமே இல்லாமல் அவ்வப்போது கருத்தால் கேபிளைப் பிடியுங்கள்.

திரை நொடிக்கு எத்தனை முறை புதுப்பிக்கப்படுகிறது என்பதைச் சொல்லும் ரெஃப்ரெஷ் ரேட்டை 144 ஹெர்ட்ஸிலிருந்து 60க்கு இறக்குங்கள். 4கே 60 ஹெர்ட்ஸ் ஓடிக்கொண்டிருந்தால் தெளிவுத்திறனை 1080க்குக் கொண்டுவாருங்கள். கருப்பது நின்றுவிட்டால் கேபிளால் அவ்வளவு தரவைத் தாங்க முடியவில்லை என்று அர்த்தம். 4கே 60 ஹெர்ட்ஸுக்கு நொடிக்கு 18 கிகாபிட் தாங்கும் எச்டிஎம்ஐ கேபிள் வேண்டும்; அதற்கு பிரீமியம் ஹை ஸ்பீட் என்ற முத்திரை உண்டு. அதற்கு மேல் போனால் 48 கிகாபிட் தாங்கும் அல்ட்ரா ஹை ஸ்பீட். பழைய கேபிளும் படம் காட்டும். ஆனால் விளிம்பில் நின்று காட்டும். கொஞ்சம் நீளம் கூடினாலோ நடுவில் ஒரு கன்வெர்ட்டர் வந்தாலோ தடுக்கி விழும். முடிந்தவரை குட்டையான கேபிள், நடுவில் எதுவும் இல்லாத நேரடி இணைப்பு. இதுதான் என் முதல் பரிந்துரை.

டிஸ்ப்ளேபோர்ட்டில் ஒரு தனிப் பிரச்சினை உண்டு. அதன் 20ஆவது பின் 3.3 வோல்ட் மின்சாரத்துக்கானது. கணினியையும் மானிட்டரையும் இணைக்கும் சாதாரண கேபிளில் இந்தப் பின்னை இரு முனைக்கும் இடையே இணைக்கக் கூடாது என்பது விதி. விதியை மதிக்காத மலிவுக் கேபிள்களில் மானிட்டரின் மின்சாரம் பின்வழியாகக் கிராபிக்ஸ் கார்டுக்குள் ஏறும். கணினியை அணைத்த பிறகும் உள்ளே ஏதோ விளக்கு மங்கலாக எரிவது, மானிட்டர் கேபிளைக் கழற்றினால்தான் கணினி கிளம்புவது இதெல்லாம் அதன் அடையாளங்கள். வீசா சான்று பெற்ற கேபிளுக்கு மாறினால் தீரும்.

இதைச் சொன்னால் முதலில் யாரும் நம்ப மாட்டார்கள், ஆனால் நாற்காலியையும் பாருங்கள். காற்றழுத்தத்தில் ஏறி இறங்கும் அலுவலக நாற்காலியிலிருந்து எழுந்தாலோ உட்கார்ந்தாலோ சில நேரம் நிலைமின் பொறி உண்டாகும். அதிலிருந்து பரவும் மின்காந்தத் துடிப்பைக் கேபிள் ஆன்டெனா போல வாங்கிக்கொள்ளும், திரை கருத்துத் திரும்பும். காற்று வறண்டிருக்கும் நாட்களில் இது அதிகம். எழும்போது மட்டும் கருக்கிறதா என்று ஒரு நாள் கவனித்துப் பாருங்கள். அப்படித்தான் என்றால் நல்ல உறையிட்ட கேபிளைப் போட்டு, மின் இரைச்சலை அடக்கும் ஃபெரைட் வளையம் மாட்டி, கேபிளை நாற்காலியிலிருந்து தள்ளிக் கொண்டுபோங்கள்.

திரையின் வேகத்தைக் கார்டின் வேகத்தோடு ஒத்துப்போக வைக்கும் ஃப்ரீசிங்க், ஜிசிங்க் போன்றவை ஆன் ஆகியிருந்தால் தற்காலிகமாக அணைத்துப் பாருங்கள். சில மானிட்டர், கார்டு ஜோடிகளுக்கு அது ஒத்துவருவதில்லை.

விளக்கு எரிகிறது, திரை மட்டும் இருட்டு

எனக்கு மிகவும் பிடித்த சோதனை இங்கேதான். அறை விளக்கை அணைத்துவிட்டு, ஒரு டார்ச்சைத் திரைக்கு மிக அருகில் சாய்வாகப் பிடியுங்கள். மொபைல் டார்ச்சே போதும். மெல்ல நகர்த்துங்கள். வெளிச்சம் படும் வட்டத்துக்குள், சாம்பல் நிழல் மாதிரி, ஐகான்களும் எழுத்துகளும் தெரிகின்றனவா? மவுஸை அசைத்தால் அம்புக்குறியும் நகர்கிறதா? அப்படியென்றால் கணினி, கேபிள், பேனல் எல்லாம் வேலை செய்கின்றன. படம் அங்கேயே இருக்கிறது. பின்னாலிருந்து வர வேண்டிய வெளிச்சம் மட்டும்தான் இல்லை.

ஆன் செய்ததும் படம் வந்து ஓரிரு நொடியில் கருப்பது, மறுபடி அணைத்துப் போட்டால் மறுபடி ஓரிரு நொடி வருவது பழைய ட்யூப் பேக்லைட் மானிட்டர்களின் முத்திரை அறிகுறி. ட்யூப்களுக்கு உயர் மின்னழுத்தம் தரும் இன்வெர்ட்டர், ஒரு ட்யூப் சரியாக மின்சாரம் இழுக்கவில்லை என்று கண்டதும் பாதுகாப்புக்காக எல்லாவற்றையும் நிறுத்திவிடும். ஆன் ஆனதும் திரையில் இளஞ்சிவப்புச் சாயல் தெரிந்தால் ட்யூப் வயதாகிவிட்டது. எல்இடி மானிட்டர்களிலும் வரிசையில் ஒரு எல்இடி செத்தால், அவற்றுக்கு மின்சாரம் தரும் டிரைவர் சுற்று இதே மாதிரி நிறுத்துவதுண்டு. வெளிச்சத்தைக் குறைத்தால் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும்.

குளிர்ந்திருக்கும்போது நன்றாக ஓடி, சூடானதும் அணைந்து, ஆறவைத்தால் மறுபடி ஓடினால் பவர் போர்டில் இருக்கும் மின்பகுக் கெபாசிட்டர்களையோ, விரிசல் விட்ட சால்டரையோ சந்தேகப்படுங்கள். விளக்கும் சேர்ந்து அணையும் மானிட்டர்களிலும் இதே கதைதான். நல்ல கெபாசிட்டரின் தலை தட்டையாக, நடுவில் குறுக்குக்கோடு கீறியதாக இருக்கும். கெட்டது அந்தக் கோட்டில் மேடு தட்டி வீங்கியிருக்கும், சிலவற்றில் பழுப்பாகக் கசிந்து காய்ந்திருக்கும். வெளிப்பார்வைக்கு நன்றாக இருந்துகொண்டே உள்ளுக்குள் வறண்டுபோனதும் உண்டு. மாற்றும்போது அதே மைக்ரோஃபாராட், அதே அல்லது சற்றே கூடுதல் வோல்ட், 105 டிகிரி வெப்பம் தாங்கும் லோ ஈஎஸ்ஆர் (உள் மின்தடை குறைந்த) வகை போட வேண்டும். உதிரியின் விலை சொற்பம்.

ஆனால் சால்டரிங் பழக்கம் இல்லாதவர்கள் மூடியைத் திறக்காதீர்கள். இதை நான் அழுத்திச் சொல்கிறேன். 230 வோல்ட் மின்சாரத்தில் ஓடும் பவர் போர்டின் பெரிய கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் நேர்மின்சாரம் நிற்கும். பிளக்கைக் கழற்றிய பிறகும் அது உடனே போய்விடும் என்று உறுதி இல்லை. இன்வெர்ட்டர் பக்கம் அதைவிட அதிகம். படம், கேபிள், அடாப்டர் வரை நீங்கள் பாருங்கள். மூடிக்கு உள்ளே இருப்பதைத் தெரிந்த டெக்னீஷியனிடம் விட்டுவிடுங்கள். டார்ச்சில் படம் தெரிந்தது, சூடானதும் அணைகிறது என்று போய்ச் சொன்னாலே அவருடைய வேலை பாதி குறையும்.

ஓஎல்இடி மானிட்டர் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பகுதி பொருந்தாது, அதில் பேக்லைட்டே கிடையாது. ஏறக்குறைய 4 மணி நேரம் ஓடிய பிறகு பல மாடல்கள் பிக்சல்களைச் சரிசெய்ய நேரம் கேட்கும். அப்போது திரை சில நிமிடம் கருத்து, விளக்கு மின்னிக்கொண்டிருக்கும். நடுவில் பவரைப் பிடுங்காமல் முடிக்க விடுங்கள்.

சரிசெய்வதா, மாற்றுவதா

வாரன்டி இருந்தால் திறக்காமல் கொடுத்துவிடுங்கள். வாரன்டி முடிந்தது என்றால், கேபிள், அடாப்டர், பட்டன், கெபாசிட்டர் இவை எல்லாமே சரிசெய்யத் தகுந்தவை. பேனல் சிதையாத மானிட்டரை இவற்றுக்காகத் தூக்கிப்போடுவது எனக்கு மனம் ஒப்பாத காரியம். எல்இடி பட்டையை மாற்றுவது நடுத்தரம். பேனலைத் தாள் தாளாகப் பிரித்து எடுக்க வேண்டும், உடையும் ஆபத்தும் உண்டு. பெரிய, நல்ல மானிட்டருக்கு மட்டும் அந்தச் செலவைச் செய்யலாம். ட்யூப் பேக்லைட் போனதற்கு இன்று உதிரி தேடி அலைவது வீண் அலைச்சல். அதைக் கழிக்கும்போது குப்பையோடு போடாமல் மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள். அந்த ட்யூப்களுக்குள் பாதரசம் இருக்கிறது.